போகவில்லை என்று எழுதியவர்

எங்கள் போக்குவரத்துக் கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் கேள்வியிலேயே வில்லங்கம் இருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்? சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ தயாரித்த கேள்வி. காலை ஏழு மணிக்கு, சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் சாலையில், தாம்பூலத் தட்டோடு கிளம்பியிருக்கும் ஒரு குடும்பத்தின் வேனைப் போலீஸ்காரரை விட்டு நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டி அதைக் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். நான் மங்கலம்பேட்டைக்காரன். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். தெரிந்தேதான் எங்கள் ஆட்களைக் கேட்கச் சொன்னேன். சம்பளம் அதற்குத்தானே.

முதல் நாளே ஒரு வேன் திரும்பப் பார்த்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள். எங்கள் ஆள் ஒருவர் கேள்வியைக் கேட்டதும் முன் சீட்டிலிருந்த பெரியவர் இறங்கிவிட்டார். கிளம்புகிற நேரத்தில் எங்கே என்று கேட்டு வைத்துவிட்டீர்களே, இனிமேல் போனால் விளங்குமா என்று சத்தம் போட்டார். வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார். நான் கையில் அட்டையோடு நடுச்சாலையில் நின்றேன். பின்னால் லாரிகள் வரிசை கட்டின.

அப்போதுதான் அக்கா வந்தார். கணக்கெடுக்க வந்த எட்டுப் பேரில் ஒருவராக அதுவரை நான் சரியாகக் கவனித்திராத பெண். நாற்பதை ஒட்டிய வயது, கடலூர் முதுநகரில் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நானும் மற்றவர்களைப் போல அக்கா என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலைப் பெரியவரிடம் நீட்டினார். புங்கமரத்தடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் புதிதாகக் கிளம்பினால் தோஷமில்லை என்றார். அதுவும் எல்லோருக்கும் தெரிந்த பரிகாரம்தான். பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், குடித்தார், எழுந்தார். அவர் வேனில் காலை வைக்கும்போது அக்கா, "தூரமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

எந்த ஊர், யார் வீடு, பையனுக்கு என்ன வேலை, பெண் எதுவரை படித்திருக்கிறாள், சாயங்காலம் எந்த வழியாகத் திரும்புவார்கள், வேனுக்கு வாடகை எவ்வளவு என்று எல்லாவற்றையும் பெரியவரே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் படிவத்தில் பதினாறு கேள்வி. அத்தனைக்கும் பதில் வந்துவிட்டது. அக்கா கேட்டது ஒரே ஒரு சொல்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் தூரமா என்றே கேட்டார்கள். ஆனால் மற்றவர்கள் கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வந்தது. அக்கா கேட்டால்தான் கதை வந்தது. குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்பதாக ஒரு குரல். நானும் தனியாக இருக்கும்போது அதே தொனியில் கேட்டுப் பார்த்தேன். எனக்கு அது போலீஸ் விசாரணை மாதிரிதான் வந்தது.

ரயிலை நிறுத்திவிட்டுப் பாதையை அகலமாக்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு அக்கா தினமும் பஸ்ஸில்தான் சிதம்பரம் வந்தார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதில் டிபன் பாக்ஸ், ஜெபமாலை, நாலு பேனா. ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் முதல் பூசையைப் பார்த்துவிட்டு வருவார். கிறிஸ்தவர்களுக்குக்கூட இந்தச் சகுனமெல்லாம் உண்டா என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "எங்க ஃபாதரே பேக்கைத் தூக்கிக்கிட்டு கெளம்புனா நான் தூரமான்னுதான் சார் கேப்பேன். அவுரும் சிரிச்சிக்கிட்டே எந்த ஊருன்னு சொல்லிட்டுத்தான் போவாரு," என்றார்.

இதற்குப் பின்னால் ஏதாவது சோகக் கதை இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. முதுநகர்ப் பக்கத்து ஆள். வாசலில் நின்று யாரையோ எங்கே என்று கேட்டு, அவர் திரும்பாமலே போயிருப்பார் என்று. கேட்டும்விட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டுக்காரர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இருக்கிறார், இந்நேரம் ஷிப்ட் முடிந்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவருடைய விசித்திரம் சகுனத்தில் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மத்தியானம் புங்கமரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்காருவோம். அக்கா ஒரு கவளத்தை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பார். பார்வை சாலையில் இருக்காது. "அந்தப் பொண்ணு பாக்கப் போனவுங்க இந்நேரம் எறங்கியிருப்பாங்க. சொம்புல தண்ணி குடுத்திருப்பாங்க," என்பார். பிறகு கவளம் உள்ளே போகும். அடுத்த கவளத்துக்கு இன்னொருவர். காலையில் கரும்புக் கட்டோடு போன மாட்டு வண்டிக்காரர், பிரசவத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போன அம்மா, பத்தாவது மார்க்‌ஷீட்டைத் தொலைத்துவிட்டு நகல் வாங்கக் கடலூருக்குப் போன பெண். யார் யாரிடம் பேசினாரோ அவர்கள் எல்லோரும் போய்ச் சேரும்வரை அக்கா அவர்கள் கூடவே போய்க்கொண்டிருந்தார். வயல் தண்ணீரில் வெயில் மினுங்கும். அவர் சொல்லச் சொல்ல, எங்களுக்கும் கண் சொக்கி, போலீஸ்காரரோடு சேர்த்து நாங்கள் பத்துப் பேரும் பத்துத் திசையில் போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். ஒருநாள் ஆம்புலன்ஸ் ஒன்று போனது. அன்று மூன்று மணிவரை அக்கா டிபன் பாக்ஸையே திறக்கவில்லை.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். விஷயம் ஒரு பாலம். குமராட்சியைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போனால் எதிர்க்கரையில் நாலைந்து ஊர்கள் தெரியும். கோடையில் மணலில் நடந்து வரலாம். தண்ணீர் வந்தால் படகு. வெள்ளம் வந்தால் படகும் கிடையாது. வெகுதூரம் சுற்றி, மூன்று பஸ் மாற வேண்டும். பாலம் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார்கள். முழுப் பணத்தையும் போட அரசாங்கத்தால் முடியவில்லை. அதனால் அப்போது புதிதாக எல்லா இடத்திலும் பேசப்பட்ட ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் அரசாங்கம் போடும். மிச்சத்தைத் தனியார் கம்பெனி போட்டுப் பாலத்தைக் கட்டும். இத்தனை வருஷம் என்று வைத்து வண்டிகளிடம் சுங்கம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு பாலம் அரசாங்கத்துடையது. ஆனால் வண்டி ஓடும் என்று தெரிந்தால்தான் கம்பெனி வரும். எத்தனை வண்டி ஓடும் என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் நிறுவனத்தின் வேலை. சிதம்பரத்தில் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் உட்கார்ந்து அந்த அறிக்கையை எழுத வேண்டியவன் நான்.

இதையெல்லாம் அக்காவுக்கு ஒரு மத்தியானம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப வண்டி ஜாஸ்தியா போனாத்தான் பாலம் வருமா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "பாலம் இல்லாம எப்டி சார் வண்டி ஜாஸ்தியா போவும்?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல கேள்விக்குப் பதில் தெரியாதபோது வருகிற எரிச்சல். சுற்றிப் போகிற வண்டிகள் பாலம் வந்தால் இந்தப் பக்கம் திரும்பும், வருஷா வருஷம் எண்ணிக்கை வளரும், அதற்கெல்லாம் சூத்திரம் இருக்கிறது என்று நீளமாகப் பேசினேன். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டினாரே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் எண்ணினோம். எண்ணிக்கை வரவில்லை. கம்பெனிகள் எதிர்பார்க்கும் அளவில் பாதியைத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது. தலைமை அலுவலகத்தில் என் மேலதிகாரி தினமும் போனில் கேட்பார். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நான் தினமும் சொல்வேன். இந்தத் திட்டம் படுத்தால் என் வேலையும் படுத்துவிடும் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அடுத்த திட்டத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் அக்கா மத்தியானத்துக்குமேல் காணாமல் போக ஆரம்பித்தார். சாலையில் தன் பங்கை முடித்துவிட்டு எங்கோ போய்விடுவார். நாலாம் நாள் ஒரு கட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இருநூறுக்குக் குறையாது. புரட்டினேன். எல்லாம் எதிர்க்கரை ஊர்கள். எங்கிருந்து, எங்கே, எதற்காக, யார் யார் என்று எல்லாம் நிரப்பியிருந்தது. என்ன வண்டி என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. கடைசியில் குறிப்பு எழுதும் இடத்தில், ஒவ்வொரு தாளிலும், அந்த உருண்டையான கையெழுத்தில் ஒரே சொல்: போகவில்லை.

உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அப்படிச் செய்கிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. மறுநாள் சாலையில் வேலை இல்லாததால் காலையிலேயே நானும் அவரோடு போனேன், கையும் களவுமாகப் பிடிக்க.

மார்கழிக் காலை. ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்தது. படகு கிளம்பியதும் இந்தக் கரை மறைந்துவிட்டது, அந்தக் கரை இன்னும் வரவில்லை. துடுப்புத் தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் நாங்கள் எங்கேயும் இல்லை. அக்கா பையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தோளின் இறுக்கம் விட்டது.

அந்தக் கரையில் படகு இறங்கும் இடத்தில் ஒரு பூவரசு. அதன் அடியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்காகத்தான். வாங்க என்றார்கள், டீ வந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் போகாத இடங்களைச் சொன்னார்கள். ஒரு பெண் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் போய், ஆற்றில் தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டாள். ஒருவருக்குக் கடலூரில் மகன் வீடு. பேரன் பிறந்து எட்டு மாதம், இன்னும் பார்க்கவில்லை. கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் மாட்டுக்குப் போட்டவர் இருந்தார். பல்வலியோடு பன்னிரண்டு நாள் இருந்தவர், அது எந்தப் பல் என்று வாயைத் திறந்தும் காட்டினார். கடைசியில் ஒரு கிழவர் கூச்சத்தோடு வந்தார். சிதம்பரத்தில் மேல வீதியில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே போய்ச் சும்மா ஒரு டீ குடிக்கலாம் என்று மழைக்காலம் முழுக்க நினைத்தேன், அதையெல்லாம் எழுதுவீர்களா என்று கேட்டார். அக்கா எழுதினார். காரணம்: டீ. போகவில்லை.

நான் மரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பனி விலகவே இல்லை. கல்லூரிப் பெண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், தாத்தா பேரனைத் தூக்கினார், கத்தரிக்காய் மூட்டை சந்தையில் இறங்கியது. நடக்காத பயணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா தட்டி எழுப்பி, படகு வந்துவிட்டது என்றார்.

திரும்பும்போது படகுத்துறைவரை வந்த ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக்கிட்டீங்கல்லக்கா? அப்ப வந்துடும்ல?" என்றாள். அக்கா படகில் ஏறும்வரை அந்தக் கையை விடவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாலையில் எல்லோரையும் நிறுத்திப் பேச முடியாது. பேசிய ஒருவர் பேசாத பத்து, இருபது பேருக்குச் சமம் என்று வைத்துப் பெருக்கிக்கொள்வோம். இந்த இருநூறு தாளும் நடந்த பயணமாக இருந்தால், பெருக்கினால், எண்ணிக்கை கம்பெனிகள் எதிர்பார்க்கும் அளவைத் தாண்டிவிடும். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, சின்னக் கோடு இருக்கும் கட்டத்தில் வேன், மினி பஸ், லோடு ஆட்டோ என்று எழுதினால் போதும். கம்பெனி வந்துவிடும். பாலமும் வந்துவிடும்.

அக்காவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வேணாம் சார். போனாங்கன்னு எழுதிட்டா அவுங்க போய்ட்டதா ஆயிடும். போய்க்கிட்டு இருக்குறவுங்களுக்கு எதுக்கு சார் பாலம்?"

பாலம் வந்துவிட்டால் எப்படி வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். போகவில்லை என்பதையே தனியாக ஒரு பகுதியாக வைத்து அனுப்புங்கள், படிக்கிறவர்களுக்குப் புரியும் என்றார். அப்படி ஒரு பகுதிக்கு எங்கள் அறிக்கையில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது. ஒரு தலைப்புப் போட்டு, நாலு பக்கம் எழுதி, இத்தனை பேர் ஆற்றைக் கடக்க முடியாமல் இருக்கிறார்கள், தனியார் வராவிட்டாலும் இது கட்ட வேண்டிய பாலம் என்று நான் சொல்லியிருக்கலாம். கம்பெனி வந்திருக்காது. என்றைக்காவது அரசாங்கமே கட்டியிருக்கும், அல்லது கட்டாமல் போயிருக்கும். என் வேலை போயிருக்கும்.

அக்கா கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனபிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு மத்தியானம் பிடித்தது. பேரனைப் பார்க்காத தாத்தாவுக்கு மினி பஸ் கொடுத்தேன். கல்லூரிப் பெண்ணுக்கு வேன். கத்தரிக்காய் லோடு ஆட்டோவில் போனது. டீக்காரக் கிழவரிடம் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அவரையும் மினி பஸ்ஸில் ஏற்றினேன். ஊர்க்காரர்களுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், பயம்தான் முதலில் இருந்தது. நல்லெண்ணம் அதற்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தது.

அறிக்கை போனது. என்னைப் பாராட்டினார்கள். கணக்கெடுப்பு முடிந்ததால் அக்காவின் வேலையும் முடிந்தது. கடைசி நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

கம்பெனி வந்தது. திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து, குமராட்சியில் ஊர்க்காரர்களைக் கூட்டி வாசித்தார்கள். நான் போகவில்லை, போனவர்கள் சொல்லித்தான் தெரியும். எதிர்க்கரை ஊர்களிலிருந்து தினமும் இத்தனை வேன், இத்தனை லோடு ஆட்டோ சுற்றிக்கொண்டு போகின்றன என்று வாசித்தபோது முதலில் கூட்டத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் வேனே கிடையாதே, யார் இப்படி எழுதியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஊருக்கு எழுத வந்தது அந்தக் கடலூர் அக்கா ஒருவர்தான் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். பாலம் வருகிறது என்ற மகிழ்ச்சியில் அதற்குமேல் யாரும் கிளறவில்லை.

2011 கடைசியில் பாலம் திறந்தார்கள். நல்ல பாலம், குறை சொல்ல முடியாது. சுங்கத்தை என் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயித்திருந்தார்கள். எண்ணிக்கைப்படி வண்டி வரவில்லை. வராத வண்டிக்கு அரசாங்கம் கம்பெனிக்கு ஈடு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம். அந்த ஈடு போய்க்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டி மினி பஸ்ஸை விட இருந்தவர் சுங்கம் கட்டிக் கட்டுப்படியாகாது என்று இந்தக் கரையிலேயே நிறுத்திக்கொண்டார். நடந்து போகிறவர்களுக்கும் டூ வீலருக்கும் சுங்கம் கிடையாது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் பாலத்தில் நடந்தார்கள்.

அடுத்த வருஷம் அக்காவுக்குப் போன் செய்து, பாலத்தைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டேன். மாதம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் வாருங்கள் என்றார். சிதம்பரத்திலிருந்து சேர்ந்து போனோம். தலையில் நரை கூடியிருந்தது. சுங்கச் சாவடிக்கு முன்னால் மினி பஸ் நின்றதும் கண்டக்டர், "எல்லாம் எறங்கு மாமா, இதுக்கு மேல வண்டி போவாது," என்று முன் சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினார். சாவடியில் உட்கார்ந்திருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாலம் அகலமாக, சுத்தமாக, காலியாகக் கிடந்தது. இரண்டு லாரி எதிரெதிரே போகலாம். நடுவில் நாங்கள் இரண்டு பேர். தூரத்தில் கூடையோடு நாலைந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கீழே மணல், கொஞ்சம் தண்ணீர், கொக்குகள். காற்று அடித்தது. பாதி தூரம் வந்தபோது நான் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டது, வேன், மினி பஸ், டீக்காரக் கிழவர், எல்லாம்.

அக்கா நடையை நிறுத்தவில்லை.

"குமராட்சியில படிச்சாங்களே சார், அன்னைக்கே தெரியும். நானும் அந்தக் கூட்டத்துல பின்னால உக்காந்திருந்தேன்," என்றார்.

ஏன் எழுந்து சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பாலம் நின்றுவிடுமே என்றார். அவ்வளவு நாள் மனுக் கொடுத்த ஜனம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று அதை எப்படிச் சொல்வது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்த ஊருக்காரவுங்க எங்கிட்ட நல்லாத்தான் சார் பேசுறாங்க. சாப்ட்டீங்களா, புள்ளைங்க நல்லாருக்கா, எல்லாம் கேக்குறாங்க. எங்கயாச்சும் கெளம்புற சேதி மட்டும் எங்கிட்ட சொல்றதில்ல. நாம சொல்றத இந்தம்மா மாத்தி எழுதிடும்னு ஆயிடுச்சு."

கிளம்புகிறவர்கள் அவரை நம்பிப் போகிற இடத்தைச் சொன்னார்கள். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் நான் எடுத்து அறிக்கையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நானே ஊருக்குள் போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா கை அசைத்து வேண்டாம் என்றார். இப்போது சொன்னால், இதுவும் மாற்றி எழுதினதுதான் என்பார்கள் என்றார்.

கூடைக்காரிகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல புடவை, கையில் பை, பூ. எங்கோ கிளம்பியிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. படகுத்துறையில் அக்காவின் கையைப் பிடித்தவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது, நிச்சயமில்லை. அக்கா ஓரமாக ஒதுங்கி நின்று, சிரித்து, அந்தப் பழைய குரலில் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள், வாங்கக்கா, வெயில் ஏறுதே, குடை கொண்டாரலையா என்று கேட்டுக்கொண்டே கடந்து போய்விட்டாள்.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் போவதையே பார்த்தார். சாவடியைத் தாண்டினாள். மினி பஸ் நின்ற இடத்துக்குப் போனாள். ஏறினாள். வண்டி கிளம்பி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அதற்குப் பிறகும் அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனசு கூடவே போக முயன்று, எந்த ஊர் என்று தெரியாமல் சாலையிலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"கொழந்தைக்கு மேலுக்கு முடியல போல. சிதம்பரத்துல ஆஸ்பத்திரிக்கா இருக்கும்," என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்களா ஒண்ணு எழுதிக்காதீங்க சார்," என்றார்.